அஸ்தினாபுரத்தில் அழாத அம்மா

போனவர்கள் நாலு பேர். நான், பூங்காவனம், சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீன் விற்கிறேன். என் வீட்டுக்காரர் வேலு, கடலுக்குப் போகிறவர். அவருடைய அக்கா எல்லம்மா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன்; நாலு பிள்ளை பெற்றவர். பக்கத்து வீட்டு செல்வி, வாய் ஓயாது.

வருடம் 2007. பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிறு. பயணம் போய் வந்து எழுதுகிறவர்கள் காசி, காஷ்மீர் என்று எழுதுவார்கள். நான் போனது கோவளத்திலிருந்து அஸ்தினாபுரம். நாற்பது கிலோமீட்டர் இருக்கும். ஆனாலும் முதல் நாள் எனக்குத் தூக்கமில்லை. அங்கே ஒரு படம் காட்டினார்கள். அந்தப் படத்தில் நான் அம்மா.

எனக்குப் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பகல் மணி 12.40, கோவளம்

பஸ் நிறுத்தத்தில் வெயில். நான் மாம்பழக் கலர் சேலை. தலையில் ரெண்டு முழம் மல்லி, பதினாறு ரூபாய். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்றார். அண்ணி ஒயர் கூடையில் ஒரு வஞ்சிரத்தை வாழையிலையில் சுற்றி வைத்திருந்தார். டைரக்டருக்காம்.

டைரக்டர் பிரபு. இருபத்தைந்து வயசு இருக்கும். குரோம்பேட்டையில் வீடு. ராத்திரியில் போன் கம்பெனி வேலை, பகலில் சினிமா. பெரிய கம்பெனி பணம் இல்லை. அவரும் கூட்டாளிகளும் சம்பளத்தைச் சேர்த்து எடுத்த படம். போன வருடம் கரையில் ஏலத்தில் நான் ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, நீங்கதான் என் படத்துல அம்மா" என்றார்.

"எனக்குப் பிள்ளை இல்ல தம்பி."

"அதனால என்னக்கா? திட்டுறது இப்படியே இருந்தா போதும்."

எட்டு நாள் எடுத்தார்கள். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் கதை. கடைசியில் அவன் பஸ் ஏறுவான். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்திலேயே எடுத்தார்கள். பஸ் போனதும் நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். கூடையில் மீன் இருந்தது. வெயில். ஈ மொய்த்தது. கையால் விரட்டினேன். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பிரபு தம்பி ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அண்ணி இருந்தார். சத்தமாகச் சொன்னார்: "பெத்திருந்தா அழுவ தானா வந்துருக்கும்."

எல்லோர் காதிலும் விழுந்தது. பிரபு தம்பி முகம் மாறியது. எதுக்கும் இருக்கட்டும் என்று கண்ணில் கிளிசரின் விட்டு இன்னொரு தடவை எடுத்தார். அதில் நான் மூக்கைச் சிந்தி, சேலைத் தலைப்பைக் கடித்து அழுதேன்.

ஆக முடிவு ரெண்டு. எதை வைப்பது என்று அன்றைக்கு அஸ்தினாபுரத்தில் படம் பார்க்கிறவர்கள் சொல்ல வேண்டும். அந்த முடிவோடு படத்தை மறுநாள் கேரளத்தில் ஒரு விழாவுக்கு அனுப்புவார்கள். அழுகிற முடிவு ஜெயித்தால் அண்ணி சொன்னது சரியென்று ஆகிவிடும். அப்புறம் தெருவில் அந்தப் பேச்சு ஓயாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மணி 1.05, தாம்பரம் பஸ்

மாமல்லபுரத்திலிருந்து வந்த பஸ். ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். கண்டக்டர் ஒயர் கூடையைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாம்மா, மீனா? லக்கேஜ் போடணும்."

"ஒத்த மீனுக்கா?" என்றார் அண்ணி. "டிக்கெட் போட்டுக்கோ. ஆனா அதுக்கும் ஒரு சீட்டு குடு, உக்காரட்டும்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார். லக்கேஜ் போடவில்லை.

செல்வி முன் சீட்டுக்காரப் பெண்ணிடம், "இந்த அக்கா சினிமா நடிகை" என்றாள். அந்தப் பெண் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு வந்தது.

கேளம்பாக்கம் தாண்டி வண்டலூர் ரோடு. ரெண்டு பக்கமும் வயலும் ஏரியும். நடுநடுவே மனை விற்கிற கொடிகள், மஞ்சளும் சிவப்பும். வண்டலூரில் மிருகக்காட்சி சாலை மதில் வந்தது. பஸ்ஸிலிருந்தே சிங்கம் தெரியுமா என்று செல்வி எழுந்து நின்றாள். தெரியாது. ஒரு மயில் மதில்மேல் நின்றது. அதற்கே கைதட்டினாள்.

மணி 2.20, தாம்பரம்

தாம்பரத்தில் இறங்கினால் காது அடைத்துவிடும். பஸ், ஆட்டோ, பழ வண்டி. எல்லோரும் ஒரே பக்கமாகப் படியேறுகிறார்கள். நாங்களும் ஏறினோம். மேம்பாலத்தில் நின்று பார்த்தால் தண்டவாளம் தண்டவாளமாக ஓடுகிறது. மின்சார ரயிலில் நான் அதுவரை ஏறியதில்லை. டிக்கெட் நாலு ரூபாய். உட்கார இடம் இருந்தும் நான் வாசல் பக்கம் நின்றேன். நடுவில் சானடோரியம் ஸ்டேஷன் ஒன்று, அடுத்தது குரோம்பேட்டை. ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்.

ஸ்டேஷனுக்குக் கிழக்கே இறங்கி ஷேர் ஆட்டோ. ஆளுக்கு அஞ்சு ரூபாய். டிரைவருக்கு என் வயசு இருக்கும்.

"அஸ்தினாபுரத்துல எங்கக்கா?"

"டியூஷன் சென்டரு. படம் பாக்க."

"டியூஷன் சென்டர்ல இன்னா படம்? கணக்குப் படமா?"

"சினிமா. இவ நடிச்சுக்கீறா," என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா ரோலு?"

"அம்மா."

"இன்டர்வலுக்கு முன்னாடி செத்துடுவியா, பின்னாடியா?"

"சாவல."

"உடம்புக்கு இன்னா வியாதி?"

"ஒண்ணும் இல்ல."

"வியாதியும் இல்ல, சாவும் இல்ல. அப்ப அம்மாவுக்குப் படத்துல இன்னாக்கா வேல?"

"மீன் விக்கறேன்."

இறங்கும்போது அவர் எங்கள் நாலு பேருக்கும் பதினைந்து ரூபாய்தான் வாங்கினார். நடிகைக்குக் காசு இல்லையாம்.

மணி 3.30, டியூஷன் சென்டர்

மாடியில் ஒரு ஹால். பெஞ்சுகள். கரும்பலகைமேல் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு அட்டை. ஐம்பது பேர் வரை இருந்தார்கள். காலேஜ் பிள்ளைகள் பாதி. மீதி, அந்தத் தெருக்காரர்கள். பிரபு தம்பி வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைந்தார். கடைசியில் கீழ் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போனது.

விளக்கை அணைத்தார்கள். வேட்டியில் என் முகம் வந்தது. கதவு அளவு. என் கன்னத்து மருவைப் பார்த்தேன். அவ்வளவு பெரிசாக நான் பார்த்ததே இல்லை. செல்வி என் தொடையைக் கிள்ளினாள். வீட்டுக்காரர் என் காதில், "மூக்குத்தி மின்னுது" என்றார்.

படத்தில் நான் மகனைத் திட்டுகிறேன். ஹால் சிரிக்கிறது. மகன் வரும்வரை காத்திருக்காமல் முதலில் நான் சாப்பிடுகிறேன், மீன் தலையை உறிஞ்சுகிறேன், அதற்கும் சிரிக்கிறார்கள். திருப்பூர் போகக்கூடாது என்று செருப்பை எடுத்து எறிகிறேன். யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலவும் இருந்தது, இன்னொரு தடவை போடச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

படம் நாற்பது நிமிஷம். முதலில் அழாத முடிவைக் காட்டினார்கள். பிறகு அழுகிற முடிவு. பின்னால் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார்.

மணி 4.30, பேச்சு

விளக்கைப் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு சார் எழுந்தார்.

"அழலைன்னா பாசமே இல்லாத மாதிரி இருக்கு. எங்கம்மா என்னை ஹாஸ்டல்ல விட்டுட்டு மயக்கமே போட்டாங்க. அம்மான்னா அப்படித்தான்."

காலேஜ் பெண் ஒன்று எழுந்தது. "சார், பெரிய படத்துல எல்லாம் அம்மா அழுதுக்கிட்டேதான் இருக்காங்க. பிள்ளை சாப்பிடாம அவங்க சாப்பிடவே மாட்டாங்க. இந்த அம்மாவுக்குப் பசிக்குது. இவங்களை எனக்குத் தெரியும் சார், பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"பக்கத்துல உக்காந்தா போதுமா? மனசுக்குள்ள இருக்கிறது தெரிய வேண்டாமா?"

"கூடையைத் தூக்குறப்ப கழுத்து நரம்பு தெரிஞ்சுதே சார்!"

ரெண்டு பேரும் விடவில்லை. பிரபு தம்பி நடுவில் வந்தார். "இது எங்க சொந்தக் காசுல எடுத்தது. அம்மாவை அழ வைன்னு சொல்ல எனக்கு முதலாளி யாரும் கிடையாது. அப்படியும் நான் பயந்துபோய் ரெண்டு எடுத்துட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. நானும் அக்காவும் கூடச் சேர்ந்து படம் எடுத்தவங்களும் கை தூக்க மாட்டோம். அழற முடிவு வேணும்கிறவங்க?"

கைகள் எழுந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பெஞ்சில் மூன்று கையும் மேலே இருந்தது. அண்ணி, செல்வி, என் வீட்டுக்காரர் கூட. தம்பி எண்ணினார். இருபது.

"அழாத முடிவு?"

கைகள் எழுந்தன. அதே மூன்று கை மறுபடியும் மேலே.

"அக்கா, ரெண்டுக்கும் தூக்கக் கூடாது," என்றார் தம்பி.

"ஏன்?" என்றார் அண்ணி. "ரெண்டுலயும் எங்க வூட்டுப் பொண்ணுதானே கீறா?"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. ஆனால் அவர்கள் விளையாடவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் ஆளுக்குத்தான் தூக்குவோம். நம்ம வீட்டு ஆள் எழுந்து நின்றால் கை தானாக மேலே போகும். அவர் என்ன சொன்னார் என்பது அப்புறம். தம்பி விளக்கிச் சொன்னார். முதலிலிருந்து மறுபடி கேட்டார்.

அழுகிற முடிவு. செல்வி கையைத் தூக்கவில்லை. வீட்டுக்காரர் தூக்கவில்லை. அண்ணியின் கை மட்டும் தோளுக்கு நேராக, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நின்றது.

"அம்மா, நீங்க இதுக்கா?"

"இருப்பா. யோசிக்க வுடு."

தம்பி அவரை விட்டுவிட்டு எண்ணினார். பதினேழு.

அண்ணி எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி போட்ட சாரைப் பார்த்துப் பேசினார்.

"எம் பெரிய பையன் துபாய் போனான் சார். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுல கண்ணாடிக் கதவுக்குள்ள பூட்டான். அழுது வுழுந்து பொரண்டேன்னு ஊர்ல எல்லாருக்கும் சொல்லிக்கீறேன். இவகிட்டயும் சொன்னேன். அழல சார். சோத்து டப்பாவ வேன்லயே வுட்டுட்டுப் பூட்டான். அத்த நெனச்சித் திட்டிகினே வந்தேன். வழில நாங்களே துன்னுட்டோம்."

அண்ணி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பால ஊரு கேக்குது, அழுதியா அழுதியான்னு. இன்னா சொல்றது? அழுதேன்னேன். நாலு பெத்தவ அழலன்னா நம்புவாங்களா? பெக்காதவ இவ. எப்பிடித் தெரிஞ்சுதோ, அப்பிடியே செஞ்சுக்கீறா. ஈ ஓட்றா பாரு."

உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பெஞ்சு ஆடியது. என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சினிமாக்காரி," என்றார்.

"அழாத முடிவு வேணும்கிறவங்க?"

செல்வி ரெண்டு கையையும் தூக்கினாள். ஒன்றை இறக்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சட்டை கிழியும் அளவுக்குத் தூக்கினார். கண்ணாடி சார் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்பே அழுகிற முடிவுக்குக் கை தூக்கியவர். காலேஜ் பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறினார்கள். அண்ணி என் கையை விடாமல், இடது கையைத் தூக்கினார். பிரபு தம்பி ஒவ்வொரு பெஞ்சாகச் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஹாலே கூடச் சேர்ந்து எண்ணியது. எங்கள் பெஞ்சு கடைசி. செல்வி, இருபத்தொன்பது. வீட்டுக்காரர், முப்பது. அண்ணி.

முப்பத்தொன்று.