அப்படியே விட்டுட்டு வாங்க

என் மனைவி வேலை பார்த்த சலவைக் கடையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘ஒன்வே’. போனால் போன வழிதான், நடுவில் திரும்ப முடியாது என்று அர்த்தமாம். பெயர் வைத்தவர்களுக்குப் பெரிய நகைச்சுவை செய்துவிட்ட நினைப்பு. நேரிலேயே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் “என்ன?” என்று கேட்பாள், கையிலிருக்கும் துணியைத் தேய்த்து முடித்த பிறகு.

நான் டவுன் பஸ் ஓட்டுகிறவன். கால் கிளட்ச்சில், கை கியரில், கண் கண்ணாடியில், காது கண்டக்டர் விசிலில். இதற்கு நடுவே குறுக்கே வருகிறவனைத் திட்டவும் வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவளோ, அடுப்பில் பால் இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். கல்யாணமான புதிதில் அதைத் திமிர் என்று நினைத்தேன். என் அம்மா ‘அழுத்தக்காரி’ என்றாள். என் தங்கை காது மந்தமோ என்று சந்தேகப்பட்டாள்.

எங்கள் வீட்டில் யாரும் ஒரு வேலையை ஒரு வேலையாகச் சொன்னதே கிடையாது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் ‘அப்படியே’ வரும். “மாடிக்குப் போறியா? அப்படியே துணிய எடுத்துட்டு வா. அப்படியே செடிக்கும் தண்ணி ஊத்திடு.” அவள் பாதிப் படியில் நின்றுவிடுவாள். ஏறவும் மாட்டாள், இறங்கவும் மாட்டாள். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் அடிக்கக் கத்துக்கோ என்று அம்மா சொன்னதற்கு, “எனக்கு ஒரு கல்லுக்கு ஒரு மாங்கா போதும் அத்தை” என்றாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அவளுடைய ஓயாத தலைவலிக்காகப் போன இடத்தில், டாக்டரம்மா ஒருவர் நிதானமாகக் கேள்விகள் கேட்டு, கடைசியில் ஆட்டிசம் என்றார். “அது குழந்தைங்களுக்குத்தானே டாக்டர் வரும்?” என்றேன்.

“ஏன், அந்தக் குழந்தைங்க வளர மாட்டாங்களா?” என்றார் அவர். “இவங்க மனசு ஒரு வேலைல முழுசா இறங்கிடும். அதுலேர்ந்து பிடுங்கி இன்னொண்ணுல போடறதுதான் கஷ்டம். கைல இருக்கறத முடிக்க விடுங்க, அப்புறம் பேசுங்க.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ‘அப்படியே’ குறைந்தது. அம்மா மட்டும் மறந்துபோய் ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

கடையில் அவளுக்குக் கோட்டுகள் தேய்க்கும் வேலை. பின்கட்டில் ஒரு மேஜை, ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி, சுவரோரம் தொங்கும் கோட்டுகள். காலரில் தொடங்குவாள், கைகளுக்கு வருவாள், முதுகில் முடிப்பாள். “அந்த மேஜை முன்னாடி நிக்கும்போது மட்டும்தான் தலைக்குள்ள சத்தம் இல்ல” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வேறு எந்த இடத்தைப் பற்றியும் அவள் அப்படிச் சொன்னதில்லை, எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் அப்படி ஓர் இடமாவது அவளுக்கு இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

பிறகு முதலாளியின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்தான். புது விளக்குமாறு நன்றாகத்தான் பெருக்கும். முதல் பெருக்கலிலேயே கவுன்டரில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் போய்விட்டாள். போனைக் கொண்டுவந்து என் மனைவியின் மேஜையில் வைத்து, “தேய்ச்சுக்கிட்டே அப்படியே இதையும் பாத்துக்கங்கக்கா” என்றான். அவள் முடியாது என்று சொன்னாள். அவன் பழகிடும் என்றான்.

அன்று யாரோ நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய கோட்டு மேஜையில் இருந்தது. முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. முன்பக்கத்திலிருந்து மருமகன் கத்தினான்: “அதை அப்படியே விட்டுட்டு வந்து போனை எடுங்கக்கா!”

அவள் அப்படியே விட்டாள். பெட்டி கோட்டின் மேல் எப்படி இருந்ததோ அப்படியே. போனை எடுத்து, எதிர்முனையில் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கருகிய வாடை முன்பக்கம் வரை வந்த பிறகுதான் அவன் ஓடி வந்தான்.

“பெட்டிய நிமித்தி வைக்கணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்” என்றானாம்.

“அப்படியே விடச் சொன்னீங்க” என்றாளாம் இவள். நக்கல் செய்வதாக நினைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். இல்லை. கோபமும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். சில நாள் கழித்து, கேட்காமலே சொன்னாள்: “கால் மரத்துப் போகும்ல, அந்த மாதிரி உள்ள இருக்கு. தட்டிப் பார்த்தா வலிக்கல.”

டியூட்டிக்குப் போனேன், வந்தேன். ஸ்டாப்பில் ஆள் ஏறினார்கள், இறங்கினார்கள். குறுக்கே வந்தவனைக்கூடத் திட்டத் தோன்றவில்லை. எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியே வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன், ஆனால் இருப்புக்கொள்ளாதவர். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “போனைத் திரும்ப முன்பக்கமே வச்சாச்சும்மா. உனக்கு அந்த மேஜை மட்டும்தான். கோட்டுங்க குவிஞ்சு கெடக்கு. நாளைக்கு வரியா?” என்றார். அவள் வேண்டும் என்று நினைத்தது எல்லாம் அந்த ஒரு பேச்சில் இருந்தது.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“சார், கொஞ்சம் உட்காருங்க. கைவேலை முடிஞ்சதும் பேசுவா. அவ சுபாவம் அது” என்றேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். தலையாட்டினார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மருமகனிடமிருந்து போன் வந்தது, பேசினார். மறுபடி எட்டிப் பார்த்தார். கத்தி பலகையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

“வயசான மனுஷன் வீடு தேடி வந்திருக்கேன். ஒரு வார்த்தை இல்ல பாருங்க” என்று எழுந்தார். “சார், சார்” என்று தெருமுனை வரை பின்னாலேயே போனேன். “புரியுதுப்பா, இஷ்டமில்லன்னா விடு” என்று வண்டியில் ஏறிவிட்டார். மௌனம் சம்மதம் என்பார்கள். என் மனைவியின் மௌனத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது போலிருக்கிறது. ஒரு கிண்ணம் பீன்ஸ் நறுக்கும் நேரம் அந்த மனுஷனால் பொறுக்க முடியவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் திரும்பி வந்தபோது அவள் கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்திருந்தாள்.

“எங்க அவரு? வரேன்னு சொல்லுங்க” என்றாள். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

வாசலுக்குப் போய்ப் போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. விடாமல் அடித்தேன். கடைசியில் எடுத்தார். “அடடா, மருமகன் ஒரு ஆளை ரெடியா வச்சிருந்தான். வழியிலேயே சரின்னு சொல்லிட்டேனே. வார்த்தை குடுத்துட்டு மாத்த முடியுமா?” என்றார்.

உள்ளே வந்தேன். அவள் பீன்ஸை அடுப்பில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். வெந்தது. அடுப்பை அணைத்தாள், மூடினாள், கையைத் துடைத்தாள், என் பக்கம் திரும்பினாள்.

“ம், சொல்லுங்க.”

சொன்னேன்.

“சரி” என்றாள். கை துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

“கத்திய வச்சிட்டு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேன்னு இருக்கு உங்களுக்கு, இல்ல?”

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“எனக்கு இருக்கு” என்றாள். “அவர் சொன்னது எல்லாம் கேட்டுச்சு. வரேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கை நிக்கல.”