அமாவாசை டெலிவரி

போன வியாழக்கிழமை காலை பத்து மணி. உப்பல் மெயின் ரோட்டில் ஒரு கார் ஷோரூம் வாசலில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். நான், என் கணவர், மகள் தாரணி. என் கையில் தேங்காய், சூடம், நான்கு எலுமிச்சம்பழம். தீபாவளிக்குப் பிறகு அன்றுதான் பட்டுப்புடவையை வெளியே எடுத்திருந்தேன்.

ஷோரூமில் ஈ காக்காய் இல்லை. பாதி விளக்குகள் எரியவில்லை. செக்யூரிட்டிக்காரர் காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். பிறகு தேங்காயைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஏதோ துக்க வீட்டுக்கு வழி தவறி மேளத்தோடு வந்தவர்களைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"டெலிவரி" என்றேன். "ஈ ரோஜா?" என்றார். இன்றைக்கா என்று கேட்கிறார்.

ஆமாம், இன்றைக்குத்தான். இன்றைக்கு அமாவாசை ஆயிற்றே...

கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் ஏன் ஒரு காருக்கு இப்படிப் பறந்தேன் என்று தெரியாவிட்டால் உங்களுக்கு என் பதற்றம் புரியாது.

எங்கள் வீடு குஷாய்குடாவில். கணவருக்கு அங்கேயே அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கும் கேட்டுக்கும் ஸ்கூட்டரில் ஆறு நிமிடம். என் சாஃப்ட்வேர் கம்பெனி இருப்பதோ ஊரின் மறுகோடியில், மாதாப்பூரில். இத்தனை நாள் ஆபீஸ் கேப் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனது. அமெரிக்காவில் எவனோ வீட்டுக் கடன் கட்டாமல் போனதில் குஷாய்குடாவில் என் கேப் நின்றுபோகும் என்று யார் நினைத்தார்கள்? போன மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு தூரத்து ரூட்டுகள் எல்லாம் ரத்து என்று மெயில் வந்தது. பஸ் என்றால் செகந்திராபாத்தில் மாறி, அங்கிருந்து இன்னொன்று பிடித்து, ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம். ஒரு வாரம் முயன்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிட்டேன்.

"வேலைய வேணா விட்டுப்போடு சாந்தி" என்றார் கணவர். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. பதினாறு வருஷ வேலை அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கென்று இருக்கிற ஒரே விஷயம்.

மிச்சம் இருந்த வழி கம்பெனி கார் லீஸ் திட்டம். கம்பெனி சிபாரிசு செய்யும். லீசிங் நிறுவனம் காரை வாங்கி என் கையில் கொடுக்கும். வாடகை என் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தத் திட்டத்தையும் அதே முப்பத்தொன்றாம் தேதியோடு மூடுகிறார்கள் என்று அடுத்த மெயில். கார் அதற்குள் என் கைக்கு வந்தாக வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. தவறினால் அப்ரூவல் கடிதத்தை பஜ்ஜி மடிக்கக் கொடுக்கலாம்.

ஈரோட்டுக்காரியான எனக்கும் கோபிச்செட்டிபாளையத்துக்காரரான கணவருக்கும் லீஸ் என்றால் வீடுதான். மொத்தமாக ஒரு தொகை கொடுப்போம், காலி பண்ணும்போது வாங்கிக்கொள்வோம். "காரத் திருப்பிக் குடுத்தா இவங்களும் மொத்தமாத் தருவாங்களா?" என்று கணவர் ஷோரூமில் கேட்டார். சேல்ஸ்மேன் ரவீந்தர் பொறுமைசாலி. அரைமணி நேரம் விளக்கினார். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்காது என்று தெரிந்தபோது கணவர் ரொம்பவே சோர்ந்துவிட்டார். "அப்ப பேரு அவங்களுது, பெட்ரோல் நம்முளுதா?" என்றார். ரவீந்தர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஏற்ற இறக்கம் அதோடு நின்றதா? சில்வர் கேட்டேன், இருக்கிறது என்றார்கள். மறுநாள் இல்லை, வெள்ளைதான் என்றார்கள். வெள்ளைக்கு மனதைத் தேற்றிக்கொண்டபோது, சில்வர் லாரி ஏறிவிட்டது என்று போன் வந்தது. லாரி ஏறிய கார் எங்கே என்றால், ஆன் த வே. பத்து நாளும் ஆன் த வே. புனே ஃபேக்டரியிலிருந்து நடந்தே வருகிறதோ என்று கேட்டேன். ரவீந்தர் சிரித்துவிட்டு, "புதவாரம் வஸ்துந்தி மேடம்" என்றார். புதன்கிழமை வந்துவிடும்.

வீட்டில் கோபி நகைக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. கணவர் புரட்டினார். புதனுக்கு அடுத்த நாள், வியாழன், சர்வ அமாவாசை. அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. எங்கள் பக்கம் அமாவாசை என்றால் நிறைந்த நாள். கடை திறப்பார்கள், போர் போடுவார்கள், வண்டி எடுப்பார்கள். "அமாவாசைக்கே எடுத்தரோணும்" என்று தீர்ப்புச் சொன்னார். கடிதம் காலாவதியாக அதற்குப் பிறகும் ஒரு நாள் இருக்கிறது. கைக்கும் காலுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு நாள்.

உடனே ரவீந்தருக்குப் போன் போட்டேன். என் தெலுங்கு காய்கறிக் கடைத் தெலுங்கு. "குருவாரம் அமாவாஸ்யா உந்தி. மர்ச்சிபோவத்து" என்றேன். வியாழன் அமாவாசை, மறந்துவிடாதீர்கள்.

"ஹவ் மேடம், நாக்கு தெலுசு. டென்ஷன் நக்கோ" என்றார். ஆமாம் மேடம், எனக்கே தெரியும், கவலை வேண்டாம். ஒரே வாக்கியத்தில் தெலுங்கும் ஹிந்தியும் இங்கிலீஷும்... எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? திங்கட்கிழமை மறுபடி ஞாபகப்படுத்தினேன். செவ்வாயன்றும். ஒவ்வொரு முறையும் அமாவாஸ்யா, அமாவாஸ்யா என்று அழுத்திச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் "ஹவ் மேடம்".

இப்போது ஷோரூம் வாசலுக்கு வந்துவிடலாம்.

ரவீந்தர் அன்று லீவு. போன் செய்தேன். நான் ஷோரூமில் நிற்கிறேன் என்றதும் அவர் குரல் தாழ்ந்துபோனது. "மேடம்... ஈ ரோஜு அமாவாஸ்யா கதா?" இன்றைக்கு அமாவாசை இல்லையா என்கிறார்.

"அதுக்குத்தானே வந்தேன்" என்று பதறித் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

தாரணி என் முந்தானையை இழுத்தாள். இந்த ஊரில் பிறந்து இந்த ஊரில் படிப்பவள். நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது. "அம்மா, ஹியர் அமாவாஸ்யா இஸ் எ பேட் டே. எவ்ரிபடி நோஸ்" என்றாள்.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நுவ்வு அடகலேது கதா" என்றாள். நீ கேட்கவில்லையே.

ஆந்திர தேசத்தில் அமாவாசை அன்று புதிதாக ஒரு குண்டூசி கூட வாங்க மாட்டார்களாம். நான் "வியாழன் அமாவாசை, மறக்காதீர்கள்" என்று சொல்லச் சொல்ல, ரவீந்தர் "அன்றைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்" என்று புரிந்துகொண்டிருக்கிறார். எத்தனை பயபக்தியான அம்மா, மூன்று முறை ஞாபகப்படுத்துகிறாரே என்று மெச்சிக்கொண்டு, தானாகவே நல்ல நாள் பார்த்து வைத்திருக்கிறார். வெள்ளி பாட்யமி, அதாவது பிரதமை, ஆகாது. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் முகூர்த்தம். என் கடிதம் செத்து இரண்டு நாள் கழித்து. அமாவாசையை மூன்று முறை சொன்ன நான் கடிதத்தின் கெடுவை அவரிடம் ஒரு முறையும் சொல்லவில்லை.

பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். தெரியாத தெலுங்கு வார்த்தை என்றால் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன். அமாவாசை என்ற வார்த்தைக்கு யாரிடம் போய் அர்த்தம் கேட்பது? தெரியாத வார்த்தைதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். காலை வாரிவிடுவது தெரிந்த வார்த்தைதான்.

அந்த நேரத்தில் இப்படியெல்லாம் தத்துவம் தோன்றவில்லை. கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலையை விட்டுவிடு என்று வீட்டில் யாரும் இனிச் சொல்ல வேண்டியதில்லை, அதுவே போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் வந்தார். நல்ல மனிதர். கார் நேற்று இரவே வந்துவிட்டது, யார்டில் நிற்கிறது என்றார். அப்படியானால் கொடுங்கள் என்றேன். கடிதத்தைக் காட்டி நிலைமையைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய சங்கடம் பேப்பர் வேலை இல்லை. நான் டிரைவிங் லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது என்று ரவீந்தர் சொல்லியிருக்கிறார். அமாவாசை அன்று சாவியைக் கொடுத்து, ஹப்சிகுடா சிக்னலில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு என்பதுதான் அவர் கவலை. அவருக்கும் ஒரு மனைவி, லைசென்ஸ் வாங்கியவர், இருக்கிறாராம்.

எங்கள் ஊரில் இது எப்பேர்ப்பட்ட நாள் என்று விளக்கினேன். கணவர் தன் பங்குக்கு, கோபியில் தன் மாமா மூன்று லாரியும் அமாவாசையில்தான் எடுத்தார் என்று சாட்சி சொன்னார். அந்த லாரிகளில் ஒன்று பவானி ஆற்றில் இறங்கிய கதையை நல்லவேளையாகச் சொல்லவில்லை.

மேனேஜர் கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். "இன்று அமாவாசை என்பதை நன்கு அறிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்தக் காரை எடுத்துக்கொள்கிறேன்." கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்து கணவர். மேனேஜர் அதன்மேல் ஷோரூம் முத்திரையைக் குத்தி ஃபைலில் வைத்தார். உலகத்தில் எத்தனையோ லீஸ் ஒப்பந்தம் இருக்கலாம். அமாவாசைக்கு உறுதிமொழிப் பத்திரம் உள்ள ஒரே ஒப்பந்தம் என்னுடையதாகத்தான் இருக்கும்.

அப்புறம் யார்டிலிருந்து ஜாஃபர் பாயைக் கூப்பிட்டார்கள். டெலிவரிக்கு முன் காரைச் சரிபார்த்துத் தயார் செய்யும் பொறுப்பு அவருடையது, ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டுத் தோளைக் குலுக்கினார். "காலிச் பைட்டே ஹை நா மேடம். அமாவாஸ் ஹோ கி ஜும்மா, காடி தோ காடி." சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம், அமாவாசையோ வெள்ளிக்கிழமையோ, வண்டி வண்டிதானே.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. மற்ற நாளாக இருந்தால் என் கார் பத்தில் ஒன்று. அன்றைக்கு யார்டில் இருந்த எட்டுப் பேரும் என் ஒரு காரின் மேல் விழுந்தார்கள். ஒருவர் கழுவ, ஒருவர் பானெட்டுக்குள் தலையை விட, ஒருவர் டயருக்குக் காற்று பார்க்க... முன் கதவில் ஒரு சின்னக் கீறல் இருந்ததை ஜாஃபர் பாயே கண்டுபிடித்து, நான் கேட்காமலே பாலிஷ் போட்டுச் சரிசெய்தார். இன்சூரன்ஸ்காரர் உடனே போனை எடுத்தார். அவருக்கும் வேலை இல்லை. லீசிங் நிறுவனத்தின் ஆள் பேகம்பேட்டிலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்து கையெழுத்துப் போட்டார். தற்காலிக நம்பர் மூன்று மணிக்கு வந்துவிட்டது. எனக்கு இரண்டு முறை இரானி டீ. ஊரே ஒதுக்கிய நாளில் ராஜ மரியாதை.

நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். மற்றவர்கள் ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். ஜாஃபர் பாய்தான் குனிந்து ஒவ்வொன்றாக, டயருக்கு நேராக, உருளாதபடி வைத்தார். பின்சக்கரத்துப் பழம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று அவரே திருத்திவிட்டு எழுந்தார். நான் காரை நகர்த்தினேன். நான்கும் நசுங்கின. மேனேஜர் கைகூப்பியதைக் காரின் கண்ணாடியில் பார்த்தேன்.

ஹப்சிகுடா சிக்னலில் இரண்டு முறை வண்டி நின்றுபோனது. பின்னால் ஒரு பஸ் அலறியது. கணவர் ஜன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியை விடவே இல்லை. ஆனாலும் வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்தபோது ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். சுகமான அழுகை. பின்சீட்டிலிருந்து தாரணி, "இட்ஸ் ஓகே அம்மா" என்று முதுகைத் தட்டினாள்.

இந்தத் திங்கட்கிழமை முதன்முறையாகத் தனியாக ஆபீஸ் கிளம்பினேன். கணவர் காலண்டரைக் கிழித்துவிட்டு, "ஏழரையிலிருந்து ஒம்பது ராகு காலம். அதுக்கு முன்னயே கெளம்பீரு" என்றார். லஞ்ச் பாக்ஸ், தாரணியின் காணாமல் போன ஷூ, பால்காரர்... கேட்டைத் தாண்டும்போது ஏழு முப்பத்தைந்து. பரவாயில்லை என்றுதான் நினைத்தேன். அமாவாசைக்கு ஷோரூமே காலியாக இருந்ததே, ராகு காலத்துக்கு ரோடு காலியாக இருக்காதா?

தார்நாகாவில் நாற்பது நிமிடம் நின்றேன். ஒன்பதே காலுக்கு ஆபீஸ் கதவில் கார்டைத் தேய்த்தேன்; பச்சை விளக்கு எரிந்தது. பதினாறு வருஷமாக எரிகிற விளக்குதான். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

இந்த ஊர் அமாவாசைக்குப் பயப்படுகிறது, சரி... ராகு காலத்துக்கும் கொஞ்சம் பயந்தால் என்னவாம்?