சுண்டு விரலும் மரத்துப்போகிறது என்றேன்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நாலு பேர்: டாக்டரம்மா, நான், என் வீட்டுக்காரர், காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த என் மகள். ஹப்சிகுடாவில் ஒரு சின்ன க்ளினிக்.

மாரெட்பள்ளியில் வீட்டு முன்னறையில் பார்லர் வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. நூலைப் பல்லில் கடித்துப் புருவம் எடுக்கத் தெரிந்ததுதான் எனக்குச் சோறு. அந்த வலது கை ராத்திரியில் மரத்துப்போக ஆரம்பித்தது. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, ஆபரேஷன்தான் வழி என்று ஒரு கஸ்டமர் சொல்லிவிட்டுப் போனாள். கல்யாண சீசன் வாசலில் நிற்கிறது. கையில் கத்தி வைத்தால் பார்லரை மூட வேண்டியதுதான். மூடினால் கல்யாணப் பெண்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், திரும்பி வர மாட்டார்கள்.

நான் கவலைப்பட்டால் அரைகுறையாகப் படுகிற ஆள் இல்லை. இதற்கு டாக்டர்கள் என்னென்ன சோதனை செய்வார்கள் என்று மகளின் ஃபோனில் வீடியோ பார்த்து, கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம் புறங்கை இரண்டையும் ஒட்டவைத்து மணிக்கட்டை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் மடக்கினால் யாருக்குத்தான் மரத்துப்போகாது?

டாக்டரம்மா ஹிந்தியில் பேசினார். மணிக்கட்டை அழுத்தி, "மரத்துப்போகுதா?" என்று கேட்டு முடிக்கும் முன்பே ஆமாம் என்றேன். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே அழுத்தினார். ஆமாம். "சுண்டு விரல்?" அதுவும்தான் என்றேன்.

"அம்மா, ஊருகோ," என்று தெலுங்கில் என்னை அடக்கினாள் மகள். நான் வீடியோ பார்த்ததையும் டாக்டரம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள்.

"நீங்க மேஜையை அழுத்தினாலும் இவ ஆமாம்னுதான் சொல்லுவா, டாக்டரம்மா," என்றார் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தப்பு அவங்க மேல இல்ல. கேக்கற விதத்துல இருக்கு. மரத்துப்போகுதான்னு கேட்டா பயந்தவங்க ஆமாம்னுதான் சொல்வாங்க. அதான் சம்பந்தமில்லாத இடத்தையும் அழுத்திப் பார்த்தேன். சுண்டு விரலுக்குப் போறது வேற நரம்பு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

பிறகு கண்ணை மூடச் சொன்னார். "நான் எதுவும் கேக்க மாட்டேன். ஏதாவது தெரிஞ்சா அந்த விரல் பேரை மட்டும் சொல்லுங்க." சில தடவை மணிக்கட்டை அழுத்தினார், சில தடவை சும்மா விரலை வைத்தார் என்று மகள் அப்புறம் சொன்னாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. காத்திருந்தேன். கட்டை விரல், என்றேன். கொஞ்சம் கழித்து, நடு விரல். சுண்டு விரல் பேர் என் வாயில் வரவே இல்லை.

அடுத்து வீட்டுக்காரரை உட்காரவைத்தார். ஒன்றும் இல்லாத ஆளுக்கு ஒன்றும் தெரியக்கூடாதாம், அப்போதுதான் சோதனையை நம்பலாமாம். அவர் கண்ணை மூடினார். அழுத்தியும் சத்தமே இல்லை.

"தூங்கிட்டார் போல," என்றாள் மகள்.

"ராத்திரி இவங்க என்ன பண்ணுவாங்க?" என்று அவரிடமே கேட்டார் டாக்டரம்மா.

"எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறற மாதிரி கையை உதறுவா. என் மூக்குலகூட பட்டிருக்கு."

அப்போதுதான் டாக்டரம்மா சிரித்தார். வீடியோ பார்த்து வருகிற விஷயம் இல்லையே இது, நல்ல சாட்சி என்றார். என் கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் கீழே தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. நூல் இழுத்து இழுத்து வந்த பலம்.

"நரம்பு நெரிபடறது நிஜம். ஆனா ஆரம்பம்தான். ஆபரேஷன் நக்கோ, வேண்டாம். ராத்திரியில மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்குங்க. ஒரு கஸ்டமருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல கைக்கு ஓய்வு கொடுங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க."

நான் எழுந்து அவர் கைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விடவே மனசு வரவில்லை. "பிடி பலமா இருக்கு, அதையும் எழுதிக்கிறேன்," என்றார்.

பட்டையை அங்கேயே கொடுத்தார்கள். மாதக் கடைசி. வீட்டுக்காரரின் ஃபோனில் இருந்த பணம் ஃபீஸ் போக, பட்டைக்குப் பாதிதான் வந்தது. மீதியை அடுத்த தடவை கொடுங்கள் என்றுவிட்டார் டாக்டரம்மா. ஆறு வாரம் இன்னும் ஆகவில்லை. பார்லர் திறந்திருக்கிறது, நேற்றுகூட ஒரு கல்யாணப் பெண் வந்து போனாள். கொடுக்க வேண்டிய பாக்கி முந்நூறு ரூபாய்.