அம்மாவைத் தாண்டிப் போன தட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கிருபையைப் பற்றி யாராவது உருகிப் பிரசங்கம் செய்தால் இன்னும் சீக்கிரம் வரும். வாய் நிறைய அந்த வார்த்தையைச் சொன்னவர்கள்தான் என் அம்மாவை, ஆலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்திலிருந்து தள்ளிவைத்தார்கள்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். கொட்டாரத்துக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர். கீழத்தெருவில் கிறிஸ்தவ வேதக்காரர்களான நாங்கள், மேலத்தெருவில் பிள்ளைமார். அப்பா இறந்தபின் அம்மா அவர்கள் வயலில் நாற்று நட்டுத்தான் மகளான என்னை வளர்த்தாள். ஆனால் எங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கமாட்டார்கள். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது மேலத்தெருவில் ஒரு வீட்டம்மாளுக்கு வைசூரி கண்டது. வாழையிலையில் கிடந்தாள். சொந்தக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே அது வந்து போயிருந்தது, முகமெல்லாம் தழும்பு. "எனக்கு இனி வராதுல்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேப்பிலை வீசினாள், துணி அலசினாள், இளநீர் கொடுத்தாள். சாகக் கிடந்தவளுக்கு யார் கை என்று பார்க்க நேரமில்லை. குடித்தாள், பிழைத்தாள்.

தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று அந்த வீட்டில் அம்மனுக்குக் கூழ் படைத்தார்கள். அந்த அம்மாள் தான் குடிக்கும் வெண்கலக் கும்பாவிலேயே கூழை ஊற்றி என் அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாசலில் நின்று குடித்தாள். தெருவில் போன எங்கள் சபை டீக்கன் அதைப் பார்த்துவிட்டார்.

விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிட்டாள் என்று குற்றச்சாட்டு. மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து கொடுக்க நாகர்கோவிலிலிருந்து வரும் போதகர் முன்னால் அம்மாவை நிறுத்தினார்கள்.

"தெரியாமச் செய்திட்டேன்னு சபைக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லு. அதோட முடிஞ்சு" என்றார் டீக்கன்.

"தெரிஞ்சுல்லா குடிச்சேன்" என்றாள் அம்மா. "அவ குடிக்கிற கும்பாவிலே எனக்கு ஊத்தித் தந்தா. அத வேண்டாம்னு சொல்லியிருந்தா, அதாக்கும் பாவம்."

போதகர் நல்ல மனிதர்தான், ஆனால் டீக்கனுக்குப் பயந்த நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்கும்வரை அம்மாவுக்குத் திருவிருந்து இல்லை என்று முடிவாயிற்று.

தள்ளப்பட்டவர்கள் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அம்மா போகவில்லை. பெண்கள் பக்கத்தில், தன் பாயில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அப்பத் தட்டு வரும்போது கையை ஏந்துவாள். டீக்கன் எட்டி நடந்து அடுத்தவளிடம் போய்விடுவார். அம்மா வெறுங்கையை மடக்கி மடியில் வைத்துக்கொள்வாள். சோறு பொங்கும்போதெல்லாம் சபைக்கென்று அவள் எடுத்துவைத்த பிடியரிசியை மட்டும் ஒரு வாரம்கூட விடாமல் வந்து வாங்கிப் போனார்கள். அரிசிக்கு ஏது பாவம்!

"நாம எதுக்கு அங்க போகணும்?" என்று கத்துவேன்.

"அது என்ன டீக்கனுக்க வீடா? எனக்க அப்பன் வீடு. நான் எதுக்குப் போகாம இருக்கணும்?" என்பாள்.

பதினெட்டு வயதில் என்னைத் திருவிருந்தில் சேர்க்கும் நாள் வந்தது. முந்தின நாள் போதகர் கேள்வி கேட்டார். "கிருபை என்றால் என்ன?"

"தகுதி இல்லாதவங்களுக்கு ஆண்டவர் சும்மா கொடுக்கிறது ஐயா."

சரியான பதில் என்று டீக்கனே தலையாட்டினார். அவருக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியாது. எனக்கு விழுந்தது. ஆண்டவர் சும்மா கொடுப்பதை நடுவில் நின்று மறிக்க இவர் யார்? அம்மா வைசூரி வீட்டில் பாடுபட்டதற்காக அவளுக்கு அப்பம் கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அது கூலி கேட்பதாகிவிடும். கையை ஏந்தினாள், அது போதாதா?

மறுநாள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டு வழக்கம்போல அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. ஒரு துண்டை எடுத்து, டீக்கன் பார்க்கப் பார்க்க இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அம்மாவிடம் நீட்டினேன்.

அத்தனை வருடம் அசையாதவள் அப்போதுதான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் மக்ளே. ஒன்னையும் தள்ளிருவாவ."

"தள்ளட்டும்" என்றேன். ஆலயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏட்டி, அத இங்க திருப்பிக் குடு" என்று டீக்கன் கையை நீட்டினார்.

"தந்தது ஆண்டவரு. உங்களுக்கு எதுக்குத் திருப்பித் தரணும்?"

போதகர் மேசைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபித்தாரா, பார்க்காமலிருக்க மூடினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா வாங்கி வாயில் போட்டாள். அழுதாள். பிறகு திராட்சரசப் பாத்திரம் வந்தது. எங்கள் இருவரையும் தாண்டிப் போயிற்று.

அன்றே என்னையும் தள்ளிவைத்தார்கள். அடுத்த மாதம் பிரசங்கம் முடிந்ததும், வெளியே போகிறோமா என்று டீக்கன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா பாயில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். தட்டு வந்தபோது இரண்டு பேரும் கையை ஏந்தினோம்.