என் வீட்டுக்காரர் கோயிலுக்கு வந்த கதை

"இந்த வீட்டுல ஒண்ணு அவரு இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும்." போன ஆடி மாதம் என் மகன் இப்படிச் சொன்னான். அவர் என்று அவன் சொன்னது பெற்ற தகப்பனை.

பெருமாளை நம்பியிருக்கும் உங்கள் எல்லோரிடமும் என் வேண்டுதல் பலித்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். எந்த வேண்டுதல் பலித்தது என்பதில்தான் எனக்கே இன்னும் குழப்பம்.

சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பட்டுப்புடவைக் கடையில் விற்பனை பார்த்தவர். அதிர்ந்து பேசமாட்டார். ஒரே குறை, கூப்பிடு தூரத்தில் வரதராஜப் பெருமாள் இருந்தும் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். "எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கினு வாம்மா" என்று சிரித்து நழுவிவிடுவார். ஒருநாளாவது இவரை உன் வாசலுக்கு வரவழை என்று கல்யாணமான நாள் முதல் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டு வயதில் வந்தார். தானாகவே. தினமும் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் சன்னதிக்குப் போகாமல் நேராகப் பிரசாதக் கடைக்குப் போனதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். வந்தாரே, அதுவே பெரிசு.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கடைக்கு வந்த கல்யாணப் பெண்ணிடம், "இந்த மூஞ்சிக்கு இந்தக் கலர் எதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தாராம். முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். என் அண்ணன் செத்துக்கிடக்கும்போது, எடுப்பதற்கு முன்பே, "சாப்பாடு எப்போ?" என்று சத்தமாகக் கேட்டார். நான் கூசிப்போனேன். ஞாபகத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. பழைய புடவைகளின் விலையைக்கூடத் தப்பாமல் சொல்வார். அதனால் நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. மகன் திமிர் என்றான். நாத்தனார் செய்வினை என்றாள். ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். யாரை நம்புவது? பிறகு ஒருநாள் பேத்தியின் தட்டிலிருந்து இட்லியைப் பிடுங்கி, அழுத குழந்தையைப் பிடித்துத் தள்ளினார். அன்றுதான் மகன் அப்படிச் சொன்னான்.

மறுநாள் பிரசாத வரிசையில் அவருக்குப் பின்னால் நின்று அழுதேன். "பெருமாளே, இவர் யாரு? அதை மட்டும் சொல்லு" என்று வாய்விட்டே கேட்டேன். அவர் திரும்பினார். என் கண்ணீரைப் பார்த்தார். "புளியோதரை தீந்துடப் போவுது, தள்ளி நில்லு" என்றார்.

என் பின்னால், வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா என் தோளைத் தொட்டாள்.

"எத்தினி நாளா இப்படி இருக்காரு? எங்க அக்காவும் இப்படித்தாம்மா மாறுனாங்க. கொழுப்புன்னு திட்டிக்கினே இருந்தோம். கடைசில பாத்தா மூளையில வியாதி. நரம்பு டாக்டர்கிட்ட காட்டும்மா, லேட் பண்ணாத."

மகனையும் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரைவிட எங்களைத்தான் நிறையக் கேள்வி கேட்டார். ஸ்கேன் பார்த்துவிட்டு, மூளையின் முன்பக்கம் சுருங்கிவருகிறது, இது ஒருவகை டிமென்ஷியா என்றார். இதில் முதலில் குணம் மாறும், மறதி பின்னால்தான் வருமாம். குணமாக்க மருந்து இல்லை, ஆனால் ஆரம்பத்திலேயே தெரிந்ததால் அவரையும் வீட்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வழிகள் சொன்னார்.

மகன் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்போ அப்பா வேணும்னு செய்யலியாம்மா?" என்றான். அந்த ஒரு கேள்வியில் என் வீடு உடையாமல் நின்றது.

அவரைக் கோயிலுக்கு வரவழைத்தது பெருமாளா, வியாதியா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே அவர் போயிருக்காவிட்டால் அந்த அம்மாவை நான் பார்த்திருக்கமாட்டேன், அது மட்டும் தெரியும். உங்கள் வீட்டிலும் வயதான ஒருவர் வேறு ஆளாக மாறிவிட்டால், திட்டுவதற்கு முன் வேண்டிக்கொள்ளுங்கள். கையோடு டாக்டரிடமும் காட்டுங்கள். பெருமாள் யார் வாயால் பதில் சொல்வான் என்று நமக்குத் தெரியாது.

இப்போதும் சாயங்காலம் மூன்று பேரும் போகிறோம். மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிரசாத வரிசையில் நிற்கிறான். நான் மட்டும் சன்னதிக்குப் போய், அவர் அன்று சொன்னபடியே, அவருக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.