நாலு கட்டத்தில் கடவுள்

மருமகள் என் ஃபோனில் குறுக்கெழுத்து விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். தப்பான எழுத்தைத் தொட்டால் கட்டம் சிவந்து நடுங்குகிறது. ஒரு தப்போடு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்க விடாது. எங்கள் காலத்துக் குறுக்கெழுத்தில் தப்பு அது பாட்டுக்கு வீட்டில் இருக்கும், அடுத்த வாரம் விடை வரும்வரை. நான் எழுதிய தப்பு ஒன்று என்னைப் புகுந்த வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது. உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமானது. திருநெல்வேலி டவுனில், கோயில் மணி காதில் விழும் தூரத்தில் வீடு. அவர் உரக்கடையில் கணக்கு எழுதினார். வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன், வருவோர் போவோர் என்று எப்போதும் ஆள். பெரியவர்கள் முன்னால் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. தனியாக இருக்கையிலும் இவர் "சாப்டியா", "கதவ சாத்தியாச்சா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என்னைப் பிடிக்காமல் தாலி கட்டிவிட்டாரோ என்று நெல்லையப்பரிடம் தினமும் கேட்டேன். அவரும் இவரைப்போலவே பேசாமல் இருந்தார்.

வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகை வரும். மாமியார் ஆன்மிகப் பக்கத்தைப் படித்து, விரல் விபூதி ஒட்டிய தாளோடு வைப்பார். அந்த விபூதி வாசனையும் மை வாசனையுமாக அது ரேடியோப்பெட்டி மேல் கிடக்கும். நான் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் தேறாதவள். முருகனாலும் என்னைத் தூக்கிவிட முடியவில்லை. ஆனால் தமிழில் குறுக்கெழுத்து என்றால் விடமாட்டேன். காலையில் பென்சிலால் தெரிந்ததை எழுதி வைப்பேன். கடையிலிருந்து வந்து அவர் பேனாவால் சிலதை எழுதியிருப்பார். மறுநாள் நான். அதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவருக்குக் கஷ்டமானதெல்லாம் வரும், சின்னது வராது. 'முருகன் கை ஆயுதம்' என்ற இரண்டு கட்டம்கூட ஒருமுறை காலியாகக் கிடந்தது. கணக்கு எழுதும் மனுஷனுக்கு வேல் தெரியவில்லையே என்று சிரித்துக்கொண்டே எழுதினேன்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது 'இன்டர்நெட் சிறப்புக் குறுக்கெழுத்து' என்று ஒன்று வந்தது. கம்ப்யூட்டரை நாங்கள் கண்டதே ஜங்ஷனில் டிக்கெட் எடுக்கும் இடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். இருந்தாலும் 'கம்ப்யூட்டருக்கும் பிள்ளையாருக்கும் துணை' என்றதற்குப் பிள்ளையார் புண்ணியத்தில் 'எலி' எழுதினேன். 'மீனவர் கையில் உள்ளது, உலகெல்லாம் விரிந்தது' என்றதற்கு 'வலை'. 'எல்லா ஊரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அழைத்தால் வரும்' என்று நாலு கட்டம். இதற்கு யோசிக்க வேண்டுமா? 'கடவுள்' என்று அழுத்தி எழுதினேன்.

அன்றே ஆடி அழைப்புக்கு அண்ணன் வந்து என்னை ஸ்ரீவைகுண்டத்துக்குக் கூட்டிப் போனான். புதுப்பெண் ஆடி முழுக்கத் தாய்வீட்டில் இருப்பாள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார். ஆற்றில் தண்ணீர் கலங்கி ஓடியது. ஆடிக்காற்று வாழை இலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"நான் இனி அங்க போவலம்மா. அவுக எங்கிட்ட பேசவே மாட்டேங்காக. சொவரோட எப்படி குடும்பம் நடத்த?"

அம்மா கையிலிருந்த அரிசியைக் களைந்து முடித்தாள். "ஆடி கழியட்டும். அப்பமும் ஒனக்கு இதே எண்ணம்னா அண்ணன விட்டுப் பேசச் சொல்லுதேன்" என்றாள்.

நாலாம் நாள் மத்தியானம் அவர் வாசலில் நின்றார். கையில் சுருட்டிய பத்திரிகை.

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "வாங்க மாப்ள. வீட்ல எல்லாரும் சொகந்தான?"

"சொகந்தான் அத்தே. தங்கல்லாம் இல்ல, அடுத்த பஸ்ஸுக்குப் போயிருதேன். இதுல ஒரு சந்தேகம்" என்று பத்திரிகையை விரித்தார்.

என் 'கடவுளை' மேலிருந்து கீழாக வரும் சொல் ஒன்று இடித்தது. விமானம் இறங்கும் இடம், 'தளம்'. அவர் 'தள' வரை எழுதி நிறுத்தியிருந்தார். அந்த 'ம்' விழ வேண்டிய கட்டத்தில் என் 'ள்' உட்கார்ந்திருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "ஒத்த எழுத்துக்கா மாப்ளே பஸ் ஏறி வந்தீய? ரப்பர வச்சு ஒரு தேய் தேச்சா முடிஞ்சு போச்சுல்லா?"

"ஏலே, சும்மா கெட" என்றாள் அம்மா.

அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "சாமி பேரு. அதும் நீ எழுதுனது. அழிக்க மனசு வரல. கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதிலேயே அதுதான் நீளம்.  வாயில் வந்ததைக் கேட்டேன். "வேலு கூடவா ஒங்களுக்குத் தெரியல அன்னைக்கு?"

"தெரியும். ஒனக்குன்னு விட்டது."

அம்மா சொதி வைக்கத் தேங்காய் எடுப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். போகும்போது அண்ணனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு கடவுளை அழித்தேன். கடைசிக் கட்டத்தில் அவர் 'ம்' எழுதினார். மற்ற மூன்று கட்டத்துக்கு இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சொதிச் சோறு சாப்பிட்டுவிட்டுப் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு போனார். அம்மா அன்றும் கேட்கவில்லை, ஆடி கழிந்த பிறகும் கேட்கவில்லை. என் பெட்டியை அவளே அடுக்கி வைத்திருந்தாள்.

டவுன் வீட்டுக்குப் போனதும் ரேடியோப்பெட்டி மேல்தான் கண் போனது. விடை வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அந்த இதழும் பக்கத்திலேயே, விடைப் பக்கம் மடித்தபடி இருந்தது. எங்கள் தாளில் மூன்று கட்டமும் காலியாகவே இருந்தன. பென்சில் அதன்மேல் கிடந்தது. 'இணைய' என்று எழுதினேன். அப்படி ஒரு சொல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது அந்த வீடும் இல்லை, ரேடியோவும் இல்லை. பத்திரிகை வாங்குவதும் நின்றுபோனது. ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான், ஆளுக்கொரு ஃபோன். பேசத் தடையாக இருந்த பெரியவர்கள் யாரும் இல்லை, பேச்சுதான் குறைந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை இந்த விளையாட்டில் கடைசியாக ஒரு சின்னக் குறிப்பு வந்தது. இரண்டே கட்டம். எழுதாமல் விட்டுவிட்டு, ஃபோனை அவர் பக்கம் பைய நகர்த்தினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைத் தேடினார். அதை எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் நேரம் முடிந்தது என்று சொல்லி, அந்த இரண்டு கட்டத்தையும் விளையாட்டே நிரப்பிவிட்டது.