சிக்கந்தரின் பின்னிருக்கை

ஏற்காட்டுக் கடைத்தெருவில் மளிகைக்கடை நடத்திய சகோதரர் இருவருள் இளையவர் சிக்கந்தர். தம் காரைச் சென்னையருகே சோழவரத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் ஒரு முறையேனும் ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவ்விருப்பம் தோன்றிய ஆண்டு 1974. எஸ்டேட் மேலாளர் ஒருவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, அவருடைய வற்புறுத்தலுக்காகப் பந்தயம் பார்க்கப் போனார். பழைய விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பாதை வகுத்திருந்தார்கள். பெயர் தெரியாத வெளிநாட்டு வண்டிகளுக்கு நடுவே ஹெரால்டு கார் ஒன்றும் ஓடி, நான்காவதாக வந்தது. இரண்டு கதவு உள்ள, விலை மலிவான, நிறம் மங்கிய வண்டி. அதே மாதிரி வண்டிதான் ஏற்காட்டில் இவர் கடை வாசலில் கருவாட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது.

ஓட்டம் முடிந்ததும் சிக்கந்தர் அருகில் சென்று எட்டிப் பார்த்தார். உள்ளே ஓட்டுபவர் இருக்கையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"எஞ்சின்ல ஏதாச்சும் வேலை பண்ணீங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கெல்லாம் வசதி ஏதுங்க? தேவையில்லாத கனத்தைத் தூக்கிப் போட்டேன். அவ்வளவுதான்" என்றார் ஓட்டியவர்.

சிக்கந்தர் மலைக்குத் திரும்பிய மறுநாளே வேலையைத் தொடங்கினார். முன்பம்பர், பின்பம்பர், கதவுகளின் உட்பலகை, தரைவிரிப்பு, ஓட்டுநருக்கு அடுத்த இருக்கை, மாற்றுச் சக்கரம் எனக் கழற்றிய ஒவ்வொன்றையும் கடைத் தராசில் ஏற்றினார். அரிசி நிறுக்கும் அந்தப் பெரிய தராசின் ஒரு தட்டில் பம்பரும் மறு தட்டில் படிக்கற்களும் தொங்கிய காட்சியைக் காணக் கூட்டம் கூடியது. நான் அப்போது அக்கடையின் வாடிக்கையாளன். துவரம்பருப்புக்காக நெடுநேரம் நிற்க நேர்ந்தது. கழற்ற இயலாத இரும்புத் தாங்கிகளில் துளையிட்டு, அந்த இரும்புத்தூளையும் அவர் நிறுத்தார்.

கல்லாவுக்குப் பின்னால், கதவைப் பிடித்தபடி நின்றிருந்த அண்ணன் ரஹமத்துல்லா சொன்னார்: "வண்டியைக் கொறைக்கிறது இருக்கட்டும். முதல்ல உன் தொப்பையைக் கொறை. அதுல ஒரு பம்பர் கனம் இருக்கு."

"அதுக்கு நான் சமைக்காம இருக்கணும்" என்று உள்ளிருந்து சிக்கந்தரின் மனைவி மைமூன் குரல் கொடுத்தாள்.

ரஹமத்துல்லா நின்றுகொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. நான்காண்டுகளுக்கு முன் சரக்கு லாரியிலிருந்து விழுந்து அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. அது கோணலாகக் கூடிவிட்டது. கோலூன்றிச் சிறிது தூரம் நடப்பார். ஆனால் பலகையிலோ நாற்காலியிலோ கால் மணி நேரம் உட்கார்ந்தால் வலி பொறுக்காமல் எழுந்துவிடுவார். ஆகவே கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் கட்டிலில் படுத்தபடி அவர் பொழுதைக் கழித்தார். கடையைத் தொடங்கியவர் அவர்தான். எனினும், என்ன சரக்கு வந்தது, யார் வாங்கினார்கள் என்பதைப் பிறர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அன்று கடைசியாகப் பின்னிருக்கை கழற்றப்பட்டது. அதனைத் தராசில் ஏற்ற இயலவில்லை. தட்டை விட அகலமாக இருந்தது. கயிறு கட்டித் தொங்கவிட்டு நிறுத்தபின், வைக்க இடமின்றிக் கல்லாவின் அருகே போட்டார்கள். நின்று களைத்த ரஹமத்துல்லா அதில் மெல்லச் சாய்ந்தார். பல ஆண்டுகள் பலர் உட்கார்ந்து பழகிய இருக்கை அது. வலப்பக்கத்தில் சுருள்வில் தளர்ந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவருடைய கோணலான இடுப்பு அந்தப் பள்ளத்தில் சரியாக அமர்ந்தது. கடை அடைக்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் ரஹமத்துல்லாவே தச்சர் பொன்னுவேலை அழைத்து, இருக்கையின் கீழே ஒரு மேடை அடித்துத் திருகாணியால் முடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து கல்லா மீண்டும் ரஹமத்துல்லாவுடையதாயிற்று. விடியற்காலையிலேயே வந்து உட்காருவார்; எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்களோடு வாதாடுவார்; எடை குறைந்ததென்று சொல்பவரை மடக்குவார். முகத்தில் சதை பிடித்தது.

சிக்கந்தருக்கும் ஒரு வகையில் நிம்மதி. ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கும் எந்த வண்டியும் வெறுமையாக இறங்குவது வழக்கமில்லை. மிளகு மூட்டையோ, ஆரஞ்சுக் கூடையோ, மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியோ, யாராவது ஒருவர் கைகாட்டுவார்; ஏற்றிக்கொள்ள மறுப்பது மரியாதைக் குறைவு. இருக்கையே இல்லாத வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள் என்று அவர் எண்ணினார். வாழவந்தி கிராமத்து வெள்ளையம்மாள் முதல் வாரமே அவ்வெண்ணத்தைக் கலைத்தார். வண்டியை நிறுத்தி, கதவைத் தாமே திறந்து, வெற்றுத் தகரத்தில் கோணியை விரித்து அமர்ந்தார்.

"சீட்டு இல்லீங்க" என்றார் சிக்கந்தர்.

"இருந்தா என்னங்க, இல்லாட்டி என்னங்க? பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறோம். இது நொம்ப வசதியா இருக்குதுங்க, காலை நீட்டிக்கலாம். கிளம்புங்க சாமி."

அதன்பின் முன்னிலும் அதிகமான சுமை ஏறத் தொடங்கியது. இருக்கை இருந்த இடத்தில் இப்போது மூட்டைகளை அடுக்க முடிந்தது. வண்டி தனக்கென்று கிடைக்கும் நேரம் சிக்கந்தருக்கு அதிகாலை மட்டுமே. தொழுகை முடிந்து கடை திறக்கும் முன், கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தூரம் இறங்கி மீண்டும் ஏறுவார். கனம் நீங்கிய வண்டி வளைவில் திரும்பியவுடனே நிமிர்ந்துகொள்ளும். முன்பு முதல் கியருக்கு மாற்ற வேண்டியிருந்த ஏற்றத்தை இரண்டாவது கியரிலேயே தாண்டும். அந்த நேரத்தில் அவரைக் கைகாட்டி நிறுத்த யாரும் இல்லை. திரும்பி வந்து கடை வாசலில் எஞ்சினை நிறுத்தியதும், "பச்சரிசி தீந்துபோச்சு, சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகணும்" என்று அண்ணனின் குரல் கேட்கும்.

இரண்டாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1976 பிப்ரவரிப் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதென்று சிக்கந்தர் துணிந்தார். சேலத்தில் உதிரிப்பாகக் கடையில் வேலை பார்த்த வெங்கடாசலம் என்ற நண்பர் அதற்கான ஏற்பாடுகளைச் செய்தார். பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், அவரே பஸ் ஏறி மலைக்கு வந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"பேரைச் சேத்துக்கிட்டாங்க. ஆனா ஒரு சிக்கல். நீங்க அன்னைக்குப் பாத்த வண்டி வேற பிரிவு. அதுல ஓட்டணும்னா உள்ள இரும்புக் கூண்டு கட்டியிருக்கணும். முன்னாடியே பந்தயத்துல ஓடியிருக்கணும். புது ஆளுங்களுக்கு ரோட்டு வண்டிப் பிரிவு ஒண்ணுதான்."

"சரி, அதுலயே ஓட்டறேன்."

"அதுல மத்ததையெல்லாம் கழட்டிக்கலாமாம். சீட்டு மட்டும் அத்தனையும் இருக்கணும். முன்சீட்டும் பின்சீட்டும்."

முன்னிருக்கை கிடங்கில் பத்திரமாக இருந்தது. பின்னிருக்கையில் ரஹமத்துல்லா சாய்ந்து, ஒருவருக்குச் சீரகம் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் இருவரும் இரண்டு நாள் அலைந்தார்கள். ஹெரால்டின் பின்னிருக்கை எங்கும் கிடைக்கவில்லை. அம்பாசிடர் இருக்கை ஒன்று கிடைத்தது. அது ஹெரால்டின் உடலுக்குள் நுழையாது. அண்ணனுக்காவது ஆகட்டும் என்று அதைக் கொண்டுவந்து உட்கார வைத்துப் பார்த்தார்கள். கால் தரையில் எட்டவில்லை; இடுப்பு ஒரு பக்கமாக வழுக்கியது. ரஹமத்துல்லா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, தம் பழைய இடத்துக்கே திரும்பினார். அவருக்கு அதுவரை விவரம் தெரியாது. சிக்கந்தர் அப்போதுதான் சொன்னார்.

"அண்ணே, இந்தச் சீட்டு நாலு நாளைக்கு வேணும்."

"எந்தச் சீட்டு?"

"நீங்க உட்காந்திருக்கிறது. பின்சீட்டு இல்லாட்டி ஓட்ட விடமாட்டாங்களாம்."

"வேண்டாத கனம்னு நீதானே கழட்டுன? தராசுல தொங்கவிட்டு ஊருக்கே காட்டுனியே."

"நாலே நாளுங்கண்ணே. திங்கக்கிழமை கொண்டாந்து மாட்டிடறேன்."

"அதுவரைக்கும் நான் எங்க இருக்கிறது?"

சிக்கந்தர் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"கட்டில்லயா?" என்றார் ரஹமத்துல்லா. "அதுல நாலு வருசம் கிடந்தேன் தம்பி. கடைக்கு வர்றவன் உள்ள எட்டிப் பாத்து, 'பெரியவர் சௌக்கியமா'ன்னு கேட்டுட்டுப் போவான். செத்துட்டேனான்னு பாக்க வந்த மாதிரி இருக்கும். மறுபடி படுத்தா எந்திரிப்பனான்னு எனக்கே தெரியல. குடுக்க மாட்டேன்."

"நான் ரெண்டு வருசமா இதுக்காகத்தான்…"

"தெரியும். கேக்காம எடுத்துட்டுப் போயிருந்தா, சத்தம் போட்டுட்டு விட்டிருப்பேன். நீ கேட்டுட்ட. கேட்டா இல்லைன்னுதான் சொல்ல முடியும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. சிக்கந்தரும் உயர்த்தவில்லை. கடைக்கு வந்த ஒருவர் நல்லெண்ணெய் கேட்டார். சிக்கந்தர் ஊற்றிக் கொடுத்தார்.

அடுப்படியில் மைமூன் கணவரிடம் சொன்னாள்: "அவரே வழி சொல்லியிருக்காரு, உங்களுக்குப் புரியலையா? வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கழட்டி மாட்டிட்டுக் கிளம்புங்க. பெரியவருகிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டு தலையணையை வெச்சு எப்படியாச்சும் உட்கார வெக்கறேன்."

"கேட்டதுக்கப்புறம் எடுத்தா அது திருட்டு."

"அண்ணன் தம்பிக்குள்ள என்னங்க திருட்டு? போய்ட்டு வந்து காலைப் பிடிங்க."

வியாழக்கிழமை முழுவதும் சிக்கந்தர் சிந்தித்தார். எடுக்க முடிவு செய்துவிட்டார் என்பது, மாலையில் அவர் முன்னிருக்கையை வண்டியில் பொருத்தியதிலிருந்தும், பெட்ரோல் நிரப்பியதிலிருந்தும் தெரிகிறது. வெள்ளிக்கிழமை வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு, பள்ளிவாசலிலிருந்து நேரே கடையின் பின்வாசலுக்கு வந்தார். கையில் திருப்புளியும் ஸ்பேனரும் இருந்தன. கதவைத் தள்ளி விளக்கைப் போட்டார்.

பின்னிருக்கையில் ரஹமத்துல்லா உட்கார்ந்திருந்தார். தலையில் குரங்குக்குல்லா, கழுத்து வரை கம்பளி.

"தூக்கம் வரல. அதான் இங்க வந்துட்டேன்" என்றார்.

"எப்ப வந்தீங்க?"

"நேரம் பாக்கல." பிறகு, "கையில என்ன அது?" என்று கேட்டார்.

"ஸ்பேனருங்கண்ணே."

"ம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்திருங்கள் என்று தம்பி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அண்ணன் எழுந்திருப்பாரா என்பதை இருவராலும் சொல்ல இயலாது; பிற்காலத்தில் சிக்கந்தரே என்னிடம் அவ்வாறுதான் கூறினார். ரஹமத்துல்லாவின் இரண்டு கைகளும் கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்து, இருக்கையின் விளிம்பைப் பற்றியிருந்தன. சிக்கந்தர் ஸ்பேனரைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, கடைப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார்.

வெளியே ஐந்தாறு பேர் ஏற்கெனவே காத்திருந்தார்கள். சிக்கந்தர் சென்னைக்குப் போகிறார் என்னும் செய்தி கொட்டச்சேடு வரை பரவியிருந்தது. சென்னைக்குப் போகும் வண்டி வெறுமையாகப் போகலாமா? அயனாவரத்திலிருக்கும் மகளுக்கென்று வெள்ளையம்மாள் மிளகு முடிப்பு கொண்டுவந்திருந்தார். வேறொருவர் காப்பித்தூள், இன்னொருவர் மகனுக்குக் கம்பளிச் சட்டை; பெரிய மலைவாழைத் தார் ஒன்று வாசற்படியில் சாய்ந்திருந்தது.

"ஏனுங்க, எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?" என்று கேட்டார் வெள்ளையம்மாள்.

"நான் போகலீங்க."

"போகலீங்களா? ஊடு ஊடா சொல்லிக்கிட்டிருந்தாங்களே, காரு ஓட்டப் போறாருன்னு."

சிக்கந்தர் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து ரஹமத்துல்லா பதிலளித்தார்: "சாமானைக் குடுத்துட்டுப் போங்க. எப்படியும் சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போவான். மெட்ராஸ் பஸ்ஸுல ஏத்தி விட்டுடுவான்."

அவ்வாறே ஏற்றப்பட்டது. பின்னிருக்கை இல்லாத தளத்தில், ஒவ்வொரு வளைவிலும் முடிப்புகள் இப்பக்கமும் அப்பக்கமும் சரிந்தன. வாழைத்தார் கதவில் மோதியது. சேலம் பஸ் நிலையத்தில் சென்னை பஸ் புறப்படத் தயாராக இருந்தது. சிக்கந்தர் எல்லாவற்றையும் படிக்கட்டருகே கொண்டுவந்து வைத்தார்.

"லக்கேஜா? ஆளு எங்கீங்க?" என்றார் கண்டக்டர்.

"அங்க வந்து வாங்கிக்குவாங்க."

"கூட ஒரு ஆளு வரணுமுங்க. ஆளில்லாம ஏத்தக் கூடாது. நீங்களே ஏறிக்கங்களேன், சீட்டு காலியாத்தான் இருக்குது."

சிக்கந்தர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தார். எட்டிப் பார்த்தார். சன்னலோரம் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. மாலைக்குள் சென்னை, ஞாயிற்றுக்கிழமை பிறர் ஓட்டுவதையாவது பார்க்கலாம். பின்னால் ஹெரால்டு கதவு திறந்தபடி நின்றது. பச்சரிசி எடுக்க வேண்டும். பகல் தொழுகைக்குள் மலையேற வேண்டும்.

"எனக்கு வேலை இருக்குதுங்க" என்று கையை எடுத்துக்கொண்டார். "ஆளு யாரும் வரலீங்க. சாமான் மட்டுந்தான்."

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளை வாங்கி, காலியாக இருந்த சன்னலோர இடத்தில் வாழைத்தாரை நிறுத்திவைத்தார்.